இவருக்குப் பதில் இவர்: சீரியலில் ஆள் மாறும்போது எது போகிறது, எது நிற்கிறது?

எபிசோட் தொடங்குவதற்கு முன் திரையில் ஒரு புகைப்படம் வருகிறது. பக்கத்தில் அதே பாத்திரத்தின் பெயரோடு இன்னொரு முகம். கீழே ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று ஒரு வரி. மூன்று நொடியில் அது மறைந்து கதை தொடங்கிவிடுகிறது. சில சீரியல்களில் அந்த அட்டைகூட வராது. நேற்றுவரை மருமகளாக இருந்தவர் இன்றைக்கு வேறொருவராக மாடிப்படி இறங்கி வருவார். வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு முறை இது நடக்கும்போதும் சம்பளத் தகராறா, சேனலோடு சண்டையா என்ற பேச்சுதான் ஓடுகிறது. அதற்கான பதில் பெரும்பாலும் வெளியே வராது. வந்தாலும் அதில் பாதிதான் உண்மையாக இருக்கும். நாம் யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. சில சீரியல்கள் நாயகியே மாறினாலும் இரண்டு வாரத்தில் பழையபடி ஓடத் தொடங்கிவிடுகின்றன. வேறு சிலவற்றில் ஒரு துணைப் பாத்திரம் மாறினாலே பார்க்கப் பிடிக்காமல் போகிறது. ஏன் இந்த வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள, சீரியலில் ஒரு பாத்திரம் எப்படி உருவாகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் கதை. வாரத்துக்கு 6 நாள் என்றால் 132 நிமிடம். ஒரு சினிமாவின் நீளத்தை ஒவ்வொரு வாரமும் எடுத்து, வெட்டி, குரல் சேர்த்து, பின்னணி இசை போட்டு அனுப்பியாக வேண்டும். 2003-ல் தொடங்கி 2009 வரை சன் டிவியில் ஓடிய கோலங்கள் 1533 எபிசோட்கள். மணிக்கணக்கில் சொன்னால் 500-க்கு மேல். ஆறு வருடம் தேவயானியே நாயகி அபியாக இருந்தார். இன்றைக்கு நினைத்தால் அதுதான் ஆச்சரியம்.

‘சோப் ஓபரா’ என்ற பெயர் 1930-களின் அமெரிக்க வானொலியிலிருந்து வந்தது. பகல் நேர நாடகங்களுக்கு சோப்புக் கம்பெனிகள் பணம் கொடுத்தன. ‘கைடிங் லைட்’ என்ற நாடகம் 1937-ல் வானொலியில் தொடங்கி, 1952-ல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை ஓடியது. அவ்வளவு காலம் ஓடினால் நடிகர்கள் மாறாமல் முடியுமா? ‘இந்தப் பாத்திரத்தில் இன்று நடிப்பவர்’ என்று ஒரு குரல் அறிவிப்பது அங்கேயும் வழக்கம்தான். தினமும் ஓடும் கதைக்கு முடிவுத் தேதி கிடையாது; மனிதர்களின் வாழ்க்கையோ அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆள் மாற்றம் இந்த வடிவத்தோடு பிறந்தது.

ஏன் மாறுகிறார்கள்

1. கால்ஷீட். சீரியல் ஒருவரை முகம் தெரிந்தவராக்குகிறது. அந்த முகத்தைத் தேடி அடுத்த வாய்ப்பு வருகிறது. விஜய் டிவியின் ‘கல்யாணம் முதல் காதல் வரை’ தொடரில் நடித்த பிரியா பவானி சங்கர் பிறகு சினிமாவுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் சைத்ரா ரெட்டி. பதிலாக வந்தவர் என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட அதே சைத்ரா, 2021-ல் தொடங்கிய ‘கயல்’ தொடரின் கயலாக வீடுதோறும் தெரிந்தவரானார். பதிலாக வருகிறவரைக் குறைத்துப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது சரியில்லை.

2. ஊர். தமிழ் சீரியல்களின் நாயகிகளில் பலர் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, கேரளத்திலிருந்து வந்து போகிறவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கால் படப்பிடிப்புகள் நின்று, சில மாதம் கழித்துத் தொடங்கியபோது பலரால் சென்னைக்கு வர முடியவில்லை. அந்தச் சமயத்தில் பல சீரியல்களில் ஒரே நேரத்தில் முகங்கள் மாறியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

3. கதையின் தாவல். ‘ஆறு வருடங்களுக்குப் பிறகு’ என்று ஒரு நாள் அட்டை போடுகிறார்கள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணை வளர்ந்த பிள்ளைக்கு அம்மாவாக நிற்கச் சொல்கிறார்கள். மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறு இல்லை.

4. கல்யாணம், பிரசவம், உடல்நிலை.

5. மரணம். இதைத் தனியாகக் கீழே பார்க்கலாம்.

இதோடு பணம் போடுகிறவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சன் டிவியில் நெடுங்காலம் இருந்த முறையில், தயாரிப்பு நிறுவனம் சேனலுக்குக் கட்டணம் கட்டி நேரத்தை எடுத்து, விளம்பரத்தைத் தானே விற்றுக்கொண்டது. நட்டமும் லாபமும் அவர்களுடையது. அதனால் யாரை நடிக்க வைப்பது, கதையை எங்கே கொண்டுபோவது என்பதில் தயாரிப்பாளரின் சொல்லுக்கு எடை இருந்தது. 1999 கடைசியில் தொடங்கிய சித்தியில் ராதிகாவே நாயகி, அவருடைய ராடான் நிறுவனமே தயாரிப்பு. இன்னொரு முறையில் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுக்கச் சொல்கிறது. அப்போது கதையும் நடிகர் தேர்வும் சேனலின் அலுவலகத்தில் முடிவாகின்றன. வேறு மொழியில் ஓடும் கதையை இங்கே கொண்டுவருவதும் அந்த வழியில் எளிது. விஜய் டிவியின் ‘பாக்கியலட்சுமி’ தொடருக்கு மூலக்கதை வங்காளத்து ‘ஸ்ரீமோயி’ தொடர். அதே கதைதான் இந்தியில் ‘அனுபமா’. இப்படி வாங்கிய கதையில் பாத்திரம் முதலில் வருகிறது, நடிகர் பிறகு வருகிறார். ஆள் மாறினாலும் அச்சு அப்படியே இருக்கிறது என்ற தைரியம் அவர்களுக்கு உண்டு.

நடிப்பு எங்கே நடக்கிறது

செட்டில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சீரியல்களில் நடிகர்கள் வசனத்தை முழுதாக மனப்பாடம் செய்வதில்லை. வசனத்தாளே அன்று காலையில்தான் வருகிறது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் தாளோடு நிற்பார். ‘நான் இந்த வீட்டுக்கு வந்து’ என்று அவர் உரக்கச் சொல்ல, நடிகை ‘நான் இந்த வீட்டுக்கு வந்து’ என்பார். ‘பத்து வருஷம் ஆச்சு’ என்று அவர் சொல்ல, இவர் அதைச் சொல்வார். இதற்குப் பெயர் பிராம்ப்டிங். குரல் பிறகு டப்பிங்கில் சேரப்போவதால் செட்டில் உதவி இயக்குநரின் சத்தம் பதிவானாலும் கவலை இல்லை.

இதன் தடயம் திரையில் தெரியும். வசனத்துக்கு வசனம் நடுவே அரை நொடி இடைவெளி. அந்த அரை நொடியில் நடிகரின் காது இன்னொருவர் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தெரியாதவர் அந்த இடைவெளியில் முகத்தை வெறுமனே நிறுத்தி வைப்பார். கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நிற்கும். தெரிந்தவர் அந்த அரை நொடியைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுவார்: சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி, எச்சில் விழுங்குகிற மாதிரி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிற மாதிரி. ஒருவர் பேசும்போது கேமரா மற்ற ஐந்து முகங்களுக்கும் போய் வரும். ஆக சீரியலில் நல்ல நடிப்பு என்பதில் பெரும்பங்கு, பேசாமல் நிற்கும்போது என்ன செய்கிறார் என்பதுதான். புதிதாக வருகிறவர் தடுமாறுவதும் இங்கேதான். வசனத்தை யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். கூடத்தில் எந்த இடத்தில், யாருக்குப் பின்னால், எவ்வளவு தயக்கத்தோடு நிற்பது என்பதை இருநூறு எபிசோட் நின்றவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது குரல். தமிழ் பேசத் தெரியாத நடிகை என்றால் டப்பிங் கலைஞர் பேசுகிறார். பாத்திரத்தின் பாதி அந்த ஒலிப்பதிவு அறையில் பிறக்கிறது. அதில் உழைப்பவரை நமக்குத் தெரிவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இரவு எட்டு மணிக்கு சீரியல் ஓடும் வீட்டை நினைத்துப் பாருங்கள். டிவி கூடத்தில் இருக்கும். பார்க்கிறவர் அடுப்படியில் தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்பார். கண் அவ்வப்போதுதான் திரைக்குப் போகும், காது முழு நேரமும் அங்கே இருக்கும். வசனத்தில் ‘சொல்லுங்க அத்தை’, ‘என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க’ என்று உறவு சொல்லிச் சொல்லிப் பேசுவதும், நேற்று கண்ணால் பார்த்ததை இன்றைக்கு இருவர் நின்று மறுபடி வாயால் சொல்வதும் இந்தக் காதுக்காகத்தான். எனவே முகம் மாறி, குரல் அதேயாக இருந்தால் பாதி மாற்றம் உறைப்பதில்லை. குரலும் சேர்ந்து மாறும்போதுதான் அடுப்படியில் இருப்பவர் கரண்டியோடு கூடத்துக்கு வந்து ‘யாரு இது?’ என்று கேட்கிறார்.

ஆகவே ஒரு பாத்திரத்தை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்: எழுத்தாளர் தந்தது, நடிகரின் உடல் தந்தது, குரல் தந்தது. எழுத்தில் வலுவாக இருக்கும் பாத்திரம் ஆள் மாறினாலும் நிற்கும். எழுத்து விட்ட பள்ளத்தை நடிகர் தன் சரக்கால் நிரப்பியிருந்தால், அவர் போகும்போது அந்த நிரவலும் கூடவே போய்விடும். இதுதான் என் கணிப்பு. தெரிந்த சில உதாரணங்களில் வைத்துப் பார்க்கலாம்.

கண்ணம்மா

2019-ல் தொடங்கிய பாரதி கண்ணம்மாவில் ரோஷினி ஹரிப்பிரியன் கண்ணம்மா. நிறத்தால் ஒதுக்கப்படும் பெண்ணின் கதை. கணவன் சந்தேகப்பட்டதும் கர்ப்பிணியாக வீட்டை விட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்; நாள் கணக்கில் நடந்தாள்; ஊரெல்லாம் மீம் போட்டார்கள். ஆனால் அந்த நடையைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவள் அதிகம் பேசவில்லை. வசனத்தை விட ஒரு முகமும் ஒரு நடையும்தான் கதையைத் தூக்கிக்கொண்டு போயின. அது எழுத்தாளர் தந்தது இல்லை. ரோஷினியின் உடல் தந்தது.

2021 கடைசியில் அவர் விலகினார். தோற்றத்தில் ஒத்திருந்த வினுஷா தேவி வந்தார். அடையாளத்தை ஒப்பிட்டால் நல்ல தேர்வு. அதற்குள் கதை வேறொரு சிக்கலில் மாட்டியிருந்தது. கணவன் பாரதி ஒரு டாக்டர். குழந்தை தன்னுடையதா என்ற சந்தேகத்தை ஒரு டிஎன்ஏ பரிசோதனை தீர்த்துவிடும். அந்த ஒரு பரிசோதனையைத் தள்ளித் தள்ளியே கதை வருடங்களைக் கடந்தது. புதிய கண்ணம்மாவுக்குக் கிடைத்தது, தள்ளிப்போடுவதற்கான காட்சிகள். அவர் சரியில்லை என்று சொன்னவர்கள் பழியைத் தவறான இடத்தில் போட்டார்கள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த நடைபோல ஒன்றைக் கதை கொடுக்கவே இல்லை.

முல்லை

2018-ல் தொடங்கிய பாண்டியன் ஸ்டோர்ஸில் வீட்டு மருமகள்களில் ஒருத்தியான முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார். அவர் இடத்துக்குக் காவ்யா அறிவுமணி வந்தார், பிறகு லாவண்யா. பார்த்தவர்கள் உண்மையான துக்கத்தில் இருந்தார்கள். அந்தச் சூழலில் எவர் வந்திருந்தாலும் ஒப்பிடுவது நியாயமாகாது. இருந்தும் தொடர் 2023 வரை நின்றது. காரணம் கதையின் கட்டுமானம். அது முல்லையின் கதை மட்டும் இல்லை. ஒரு மளிகைக் கடை, நான்கு அண்ணன் தம்பிகள், வீட்டைத் தாங்கும் மூத்த மருமகள் தனம், வாய் ஓயாத இன்னொரு மருமகள் மீனா என்று பாரம் பல தோள்களில் இருந்தது. ‘முல்லை’ என்று கூப்பிடுகிற தனத்தின் குரல் மாறவில்லை. புதியவரை முல்லையாக்கியது அந்தக் குரல்தான்.

இந்தியில் 2000-த்தில் தொடங்கிய ‘கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ தொடரின் மிஹிர் இதற்கு இன்னொரு சாட்சி. அமர் உபாத்யாய், சில காலம் இந்தர் குமார், பிறகு ரோனித் ராய் என்று மூன்று பேர். துளசியாக ஸ்மிருதி இரானி எதிரே நின்று ‘இவர்தான் என் கணவர்’ என்று பார்த்த பார்வையில் மூன்று பேரும் மிஹிர் ஆனார்கள்.

குணசேகரன்

நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். திருச்செல்வம் இயக்கி 2022-ல் தொடங்கிய எதிர்நீச்சலில், கூட்டுக் குடும்பத்தை அதட்டி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக நடித்தவர் ஜி. மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து காலமானார்.

தேனிப் பக்கத்துக்காரர், சினிமா இயக்குநராக இருந்தவர், தன் குரலில் தானே பேசியவர். அவருடைய ‘இந்தாம்மா, ஏய்’ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த இரண்டு சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பாத்திரம் முழுக்க அதில் இருக்கிறது. ‘இந்தாம்மா’வில் ‘அம்மா’ இருக்கிறது. வீட்டுப் பெண்களுக்கு மரியாதை கொடுக்கிறவன் என்று தன்னைப் பற்றி அவன் வைத்திருக்கும் எண்ணம் அதில் இருக்கிறது. அடுத்த மூச்சில் ‘ஏய்’ வந்து, கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிறது. அதட்டிவிட்டு உடனே புலம்புவார். இவ்வளவு செய்தும் என்னை யாரும் மதிக்கவில்லை என்று குறைப்படுவார். தான் கொடுமைக்காரன் என்பதே தெரியாத கொடுமைக்காரன். நம் வீட்டுப் பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் அவரில் யாரையோ பார்த்தோம். சிரித்துக்கொண்டே பயந்தோம்.

சில வாரங்கள் குணசேகரன் கண்ணில் படாமலே கதை நகர்ந்தது. பிறகு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். ராமநாதபுரத்துக்காரர், கனத்த குரல், நிறுத்தி நிறுத்திப் பேசும் பேச்சு. பார்த்தாலே பயம் வரும் உருவம். பயம் வந்தது, சிரிப்பு வரவில்லை. புலம்பல் அவர் உடம்புக்குப் பொருந்தவில்லை. அதனால் குணசேகரனின் சுயபச்சாதாபம் குறைந்து, அதட்டல் மட்டும் மிஞ்சியது. நல்ல நடிகர்தான் வந்தார், ஆனால் வந்தது வேறு குணசேகரன்.

ஆனாலும் வீடு இடியவில்லை. ஏன்? குணசேகரனின் அதிகாரத்தைத் திருச்செல்வம் அந்த ஒரு நாற்காலியில் மட்டும் வைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்களிடம், அவர் உள்ளே வந்ததும் பாதியில் நின்றுபோகும் நந்தினியின் கேலிப் பேச்சில், ஈஸ்வரியின் விறைப்பான மௌனத்தில், ரேணுகாவின் வெடுக்கென்ற பதிலில், அண்ணன் சொல்லுக்கு ஆடும் தம்பிகளில் என்று பங்குபோட்டு வைத்திருந்தார். அந்த முகங்கள் அப்படியே இருந்தன. யார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர்கள் பயந்த விதத்தில் அவர் குணசேகரன் ஆனார். தொடர் 2024 ஜூன் வரை ஓடி, டிசம்பரில் இரண்டாம் பாகமாக மறுபடி தொடங்கியது.

மாரிமுத்து தந்தது மாரிமுத்துவோடு போனது. எழுத்தில் இருந்தது நின்றது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிந்த இடம் வேறு எனக்குத் தெரியாது.

டிஆர்பி இதில் எங்கே வருகிறது

பார்க் (BARC) என்ற அமைப்பு, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்க நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கருவி பொருத்தியிருக்கிறது. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீடு கலந்திருக்கும். கருவி அதைப் பிடித்து, எந்த வீடு எதை எவ்வளவு நேரம் பார்த்தது என்று சொல்லும். டிஆர்பி என்று நாம் சொல்லும் இந்த வாரக் கணக்கு வியாழக்கிழமை வெளியாகிறது. கையிருப்பில் சில நாள் எபிசோட்தான் இருக்கும் என்பதால், அந்த எண் அடுத்த வாரக் காட்சியைத் தொட்டுவிடும். கடத்தல் ட்ராக் ஏறினால் நீளும். இறங்கினால் கடத்தியவன் மறுநாளே திருந்துவான்.

ஆள் மாறியதும் எண் இறங்கத்தான் செய்யும். பார்க்கிறவருக்குப் பழக நாள் வேண்டாமா? அந்த இறக்கத்தைப் பார்த்துப் பயந்து உடனே கல்யாணம், விபத்து, இரண்டு சீரியல்களை ஒன்றாக்கும் ‘மகா சங்கமம்’ என்று கொட்டுகிறார்கள். புதியவர் அந்த வீட்டில் காபி குடித்துக்கூடப் பழகாத நிலையில் நேரே கத்தி முனையில் நிற்கிறார். உரக்க அழுவதைத் தவிர அவருக்கு வழி இல்லை. ‘ஓவர் ஆக்டிங்’ என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

அடுத்த முறை பார்க்கும்போது

ஆள் மாறிய முதல் வாரத்தில் புதியவரின் முகத்தைப் பழைய முகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதால் எதுவும் தெரியவராது. மூன்றைக் கவனியுங்கள்.

1. மற்ற பாத்திரங்கள் அவரைப் பழையபடி நடத்துகிறார்களா? நாத்தனார் அதே குத்தலோடு பேசுகிறாளா?

2. அவருக்காக வசனம் மாறியிருக்கிறதா? வேகமாகப் பேசியவர் இடத்துக்கு நிதானமானவர் வந்தால் வாக்கியங்கள் நீள வேண்டும், எண்ணிக்கை குறைய வேண்டும். பழையவரின் முத்திரை வசனத்தைப் புதியவர் வாயில் திணித்தால், எழுதுகிறவருக்கு வேறு யோசனை இல்லை என்று அர்த்தம்.

3. சும்மா இருக்கும் காட்சி ஒன்றாவது கொடுத்திருக்கிறார்களா?

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எதிர்நீச்சலின் இரண்டாம் பாகத்தில் அந்த வீட்டின் இன்னொரு மருமகள் ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தபோதும் நான் காத்திருந்தது குணசேகரனோடு அவள் மோதும் காட்சிக்காக இல்லை. அந்த அடுப்படிக்காக. அடுப்பு மேடையை ஒட்டி நந்தினி நின்று எதையோ நறுக்கிக்கொண்டிருப்பாள், ரேணுகா ஏதோ சொல்வாள், ஈஸ்வரி பதில் சொல்லாமல் பார்ப்பாள். நான்காவதாக வந்து நிற்கிறவளிடம் யாரும் தலை நிமிராமலே ஒரு பாத்திரத்தை நீட்டினால், அவள் ஜனனி.